பதினோரு கைப்பிடிகள்

ஏப்ரல் 9, செவ்வாய்

முன் அறை ஜன்னலின் மேல் தாழ்ப்பாள் இன்று கையோடு வந்துவிட்டது. துரு. கீழ்த் தாழ்ப்பாள் அசையவே இல்லை. அதை அப்பா தினமும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டித்தான் திறப்பார் என்றாள் அம்மா. காலை ஐந்தரைக்கு அந்தத் தட்டு. பிறகு வீட்டின் மற்ற நான்கு ஜன்னல்கள். ஐந்தும் திறந்த பிறகுதான் இந்த வீட்டில் காபி.

இப்போது தட்ட ஆள் இல்லை.

ஆள் இருக்கிறார். அதே ஜன்னலை ஒட்டிய கட்டிலில். பக்கவாதம் வந்து இருபத்தாறு நாள். வலது கை, வலது கால். பேச்சு இழுக்கிறது, ஆனால் புரிகிறது. டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருடம்.

நான் ஹைதராபாத்திலிருந்து வந்து இருபத்தைந்து நாள். புத்தகப் பை கட்டிலுக்கடியில். இன்னும் திறக்கவில்லை.

பால் இரண்டு பாக்கெட். விரிப்பு துவைத்தேன். ஜன்னல் மூடியே இருந்தது.

ஏப்ரல் 12, வெள்ளி

பிசியோ பயிற்சி தர ரெஜினா வந்தாள். செவ்வாயும் வெள்ளியும் வருவாள். என் வயதுதான் இருக்கும். அப்பாவை 'சார்' என்கிறாள். அவரை வாழ்நாளில் யாரும் அப்படி அழைத்ததில்லை.

"சார், வலது கை வர நாளாகும். எவ்வளவு வரும்னு இப்பச் சொல்ல முடியாது. இடது கைதான் நல்லா இருக்குல்லா, அதை வேலை வாங்குங்க. சும்மாவே போட்டிருந்தா அதுவும் சேந்து படுத்துரும்."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவுக நொட்டாங்கையால எதையும் தொட மாட்டாக," என்றாள் அம்மா. "சோறே நான்தான் ஊட்டுதேன். ஸ்பூனக் குடுத்தா வாய மூடிக்கிடுதாக."

ஒரு யோசனை சொன்னாள் ரெஜினா. கட்டிலைத் திருப்பிப் போட்டால் ஜன்னல் இடது கைப்பக்கம் வரும். எட்டித் தொடலாம், ஒரு பயிற்சி.

"திருப்பிப் போட்டா தலை வடக்கல்ல வரும்? ஆளு உசுரோட இருக்கயிலேயா?" அம்மா கேட்ட கேள்வியில் ரெஜினா காபியைக் கீழே வைத்துவிட்டாள்.

போகும்போது வாசலில் வைத்துச் சொன்னாள். ஒரு வேலை. ஒரே ஒரு வேலையை அவர் தானாகச் செய்ய ஆரம்பித்தால் மற்றது வரும். இல்லாவிட்டால் இப்படியே இருந்துவிடுகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

உள்ளே வந்தால் அம்மா எனக்கு ஆறுதல் சொல்கிறாள்: "இவுக புத்தி தெரிஞ்சதுதான. ஒன்னயவே மாத்துனவுகல்லா."

ஆமாம். நான் பிறவியில் இடது கைக்காரி. மாற்றினார்கள். பெரிய விஷயம் இல்லை. இதை நான் வலது கையால்தான் எழுதுகிறேன், எழுத்து நன்றாகவே இருக்கிறது.

ஏப்ரல் 13, சனி

நெறியாளரிடமிருந்து கடிதம். ஜூன் 30க்குள் திரும்பாவிட்டால் ஆய்வுப் பதிவு ரத்தாகும்.

அம்மாவால் அப்பாவைத் தனியாகத் தூக்க முடியாது. அப்பா எதுவுமே செய்யமாட்டேன் என்றால் நான் போக முடியாது. கணக்கு இவ்வளவுதான்.

ஏப்ரல் 16, செவ்வாய்

ஒரே ஒரு வேலை. யோசித்துக்கொண்டே இருந்தேன்.

சாப்பாடு வேண்டாம். அது எந்தக் கை என்பதில்தான் சண்டையே. கும்பிடுவது, கொடுப்பது, வாங்குவது எல்லாவற்றுக்கும் கை சொல்லிவைத்திருக்கிறார்கள். ஜன்னல் திறப்பதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை.

ஜன்னல்தான்.

இரண்டு தாழ்ப்பாளை ஒற்றைக் கையால் திறப்பது நல்ல உடம்புக்கே கஷ்டம். ஒரே கைப்பிடியில் இரண்டும் திறக்கிற மாதிரி ஏதாவது இருக்க வேண்டும்.

ஏப்ரல் 18, வியாழன்

ஜங்ஷன் பக்கம் மீரான் பாயின் ஹார்டுவேர் கடை. நான் சொல்லி முடிப்பதற்குள் எடுத்து வைத்தார். ஜன்னல் கதவின் நடுவில் ஒரு கைப்பிடி. அதிலிருந்து மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி. கைப்பிடியைத் திருப்பினால் இரண்டு கம்பிகளும் சட்டத்திலிருந்து ஒரே நேரத்தில் விலகும்.

"ஒரு விரலு போதும்மா," என்றார்.

கம்பிகள் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கைப்பிடிதான் விதவிதம். ஒரு பலகையில் திருகி வைத்திருந்தார். பதினொன்று. பித்தளை, எஃகு, கறுப்புப் பூச்சு. வாத்துக் கழுத்துப் போல் வளைந்தது. பட்டையானது. மெலிந்து நீண்டது. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது சுற்றும் பார்த்தேன்.

"பொண்ணு பாக்கக்கூட இவ்வளவு நேரம் எடுக்க மாட்டாகம்மா."

பித்தளை உருண்டையை எடுத்தேன். உள்ளங்கைக்குள் எலுமிச்சம்பழம் போல உட்கார்ந்தது. வழவழப்பு. திருப்பும்போது ஒரு மெல்லிய தடை, பிறகு வழிவிடுதல்.

ஆய்வேட்டில் 'பொருள்' என்ற சொல்லைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க இத்தனை நேரம் நின்றதில்லை. திரும்பும் வழியில் சந்தோஷமாக இருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 20, சனி

தச்சர் மிக்கேல் அண்ணன் வந்தார். ஜன்னலின் கதவுகள் உள்பக்கம் திறப்பவை, காவல் கம்பிகள் வெளிப்பக்கம். கைப்பிடியை வலது கதவில் பொருத்தினார். அதுதான் வழக்கமாம்.

வேலை முடிந்து, உப்புத்தாளால் சட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் கம்பிகளைப் பார்த்தார். இடமிருந்து இரண்டாவது கம்பியில் ஒரு சாண் உயரத்துக்குப் பெயின்ட் இல்லை. அங்கே மட்டும் இரும்பு தேய்ந்து வழவழவென்று இருக்கிறது.

"என்ன இது, இங்கன எதும் குரங்கக் கட்டிப்போட்டு வளத்தியளா?"

"ஆடு," என்றேன்.

"வீட்டுக்குள்ளயா?"

"ஆமா. சின்ன ஆடு."

சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்கியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவரின் மூச்சு அப்படி இருக்காது.

ஏப்ரல் 23, செவ்வாய்

ரெஜினாவும் நானும் அப்பாவை ஜன்னலைப் பார்க்க, காலைத் தொங்கவிட்டு, கட்டில் விளிம்பில் உட்காரவைத்தோம். ஐந்து நிமிடம் தாங்கினார். வியர்த்துக் கொட்டியது.

"யப்பா, ஜன்னலத் தொறங்க. புதுக் கைப்பிடி. சும்மா திருப்புனா போதும்."

பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவருடைய இடது கையை எடுத்து உருண்டைமேல் வைத்தேன். விரல்கள் மூடின. திருப்பினார். வழுக்கியது. மறுபடி. வழுக்கியது. வியர்வைக் கைக்குப் பித்தளை பிடி கொடுக்கவில்லை. அதோடு அது வலது கதவில் இருந்தது. இடது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோக வேண்டியிருந்தது. நிற்கிறவனின் மார்பு உயரத்தில் வேறு இருந்தது. மூன்றாவது தடவை கை அங்கே போகவில்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"சவத்த விடு," என்றார். "மூடியே கெடக்கட்டும்."

பகலில் சாப்பிடவில்லை. இரவிலும் அரை டம்ளர் கஞ்சிதான்.

ஏப்ரல் 24, புதன்

கடையில் பதினோரு கைப்பிடிகளைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு சுற்று. இருபத்திரண்டு தடவை.

இருபத்திரண்டும் வலது கையால்.

இடது கைக்காக ஒரு பொருள் வாங்கப் போனவள். இடது கையோடு பிறந்தவள். அது பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பர்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தோன்றவே இல்லை.

நன்றாகத்தான் மாற்றியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 30, செவ்வாய்

ரெஜினா வந்தாள், போனாள். அப்பா ஒத்துழைக்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. பயறு வறுத்தேன். மின்கட்டணம் கட்டினேன்.

மே 2, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருப்பதும் ஒரு வேலையாக ஆகிவிட்டது.

எனக்கு ஏழு வயது. ஒன்றாம் வகுப்பு முடிந்த லீவு. சாப்பாட்டு நேரத்தில் அப்பா என்னை முன் அறை ஜன்னலடியில் உட்காரவைப்பார். என் இடது கையைக் காக்கித் துண்டால் இரண்டாவது கம்பியில் கட்டுவார். இறுக்கமாக இல்லை. வலிக்காது. வலது கையால் சாப்பிட்டு முடித்ததும் அவிழ்ப்பார். பிறகு எழுதுகிற நேரத்திலும். மே மாதம் முழுக்க. அவர் டூட்டிக்குப் போன நாட்களில் அம்மா கட்டுவாள்.

அடித்ததே இல்லை. அதை அம்மா இப்போதும் பெருமையாகச் சொல்வாள்.

நான் கையை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே சாப்பிடுவேன். பெயின்ட் அப்படித்தான் போனது.

இவ்வளவுதான். வேறு வீடுகளில் சூடு போட்டிருக்கிறார்கள்.

மே 4, சனி

உருண்டையைத் திருப்பிக் கொடுக்க டவுன் பஸ்ஸில் போனேன். முன்பக்கம், டிரைவருக்கு இடப்புறம், இன்ஜின் மூடியை ஒட்டிய ஒற்றை சீட் காலியாக இருந்தது. சின்ன வயதில் அப்பா வண்டியில் ஏறினால் அதுதான் என் இடம்.

அதில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போனேன். முருகன்குறிச்சி வரைக்கும் பார்த்தேன். பிறகுதான் எதைப் பார்க்கிறேன் என்று தெரிந்தது.

டிரைவரின் வலது கை ஸ்டீயரிங்கில் சும்மா கிடந்தது. இடது கைதான் ஓயவில்லை. நீளமான கம்பி, நுனியில் கறுப்பு உருண்டை. கியர் மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையால் அதை ஒருமுறை தேய்த்துக்கொள்கிறார். முன்னே, பின்னே, நடுவே, மறுபடி முன்னே. கண் ரோட்டில். கைக்கே தெரிகிறது.

ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் நடுவில் ஆறு தடவை. ஒரு நாளைக்கு எத்தனை நிறுத்தம்? முப்பத்தொரு வருடம்.

எல்லாம் இடது கை.

அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லாததால் அப்பாவுக்குத் தெரியாது.

மீரான் பாய் கடையில்:

"பொருத்துன சாமானத் திருப்பி எடுக்க மாட்டேன்மா."

"எடுக்க வேண்டாம் பாய். இதக் கழட்டிட்டு இங்க ஒரு கியர் ராடு வைக்கணும்."

"எதுக்கு?"

"ஜன்னலுக்கு."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "எத்தனை கியரு வேணும்? நாலா, அஞ்சா?"

அப்பாவைப் பற்றிச் சொன்னேன். கேலி நின்றது. கல்லாவை மூடிவிட்டு அவரே பழைய லாரி சாமான் விற்கும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கூடை நிறையக் கியர் உருண்டைகள். இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எண்களெல்லாம் அழிந்துபோன ஒன்று. யாருடைய கையோ அழித்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

மே 6, திங்கள்

லேத் பட்டறையில் முக்கால் அடிக் கம்பி வெட்டி, ஒரு முனையில் உருண்டையை முறுக்கி, மறுமுனையைக் கைப்பிடியின் அடியோடு பற்றவைத்துக் கொடுத்தார்கள்.

வீட்டில் அப்பாவைப் பின்னால் நகர்த்தி உட்காரவைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் நான் உட்கார்ந்தேன். இடது கையை நீட்டினேன். அது தானாகப் போய் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். இடது கதவில், முன்பு இருந்ததைவிட ஒன்றரை அடி கீழே.

"என்னட்டி செய்யுத?"

"அளவு எடுக்கேன்பா."

"எந்தக் கைக்கு?"



மே 7, செவ்வாய்

மிக்கேல் அண்ணன் புலம்பிக்கொண்டே வேலை செய்தார். கைப்பிடி இடது கதவுக்குப் போனால் இடது கதவுதான் முதலில் திறக்க வேண்டும். அப்படியென்றால் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று படிகிற சட்டத்தைக் கழற்றி மாற்றி அடிக்க வேண்டும்.

"நாப்பது வருசத்துல ஒருத்தரும் இப்பிடிக் கேட்டதில்லம்மா."

முடிந்ததும் அம்மா வந்து பார்த்தாள். வெள்ளை அடித்த ஜன்னலில் கறுப்பாக ஒரு கியர் ராடு நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன கண்றாவிட்டி இது. வீட்டுக்கு நாலு பேரு வந்தா என்ன சொல்லுவாக?"

"டிக்கெட் எடுக்கச் சொல்லுங்க மதினி," என்றார் மிக்கேல் அண்ணன். பிறகு அப்பாவிடம்: "அண்ணாச்சி, பாத்து. ரிவர்ஸ் எடுத்துராதீங்க. பின்னால சொவரு."

அப்பாவின் முகத்தில் இடது பாதி சிரித்தது. ஐம்பத்து நான்கு நாளில் முதல் தடவை.

ரெஜினாவும் நானும் அவரை விளிம்புக்குக் கொண்டுவந்தோம்.  நான் கையை எடுத்து வைக்கவில்லை. வைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

உருண்டையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். நேரம் போனது. வெளியே ஒரு பஸ் போயிருக்க வேண்டும், அல்லது லாரி.

கை போனது. உள்ளங்கை உருண்டையை ஒருமுறை தேய்த்தது. அதே நேரம் கீழே, இடது பாதம் தரையை அழுத்தியது. கிளட்ச். அதை ரெஜினாதான் முதலில் பார்த்து என் தோளைக் கிள்ளினாள்.

கியர் ராடு கீழே இறங்கியது. மேலும் கீழும் தாழ் விலகும் சத்தம். தன் பக்கமாக இழுத்தார். கதவு வந்தது. வெயில், எதிர்வீட்டு முருங்கை, இரண்டு மாதக் காற்று.

"முப்பது வருசம் கழிச்சும் கட்டை வண்டியாத்தான் குடுக்கான் டெப்போக்காரன்," என்றார் அப்பா. இழுத்து இழுத்து, ஆனால் முழு வாக்கியம்.

மூடினார். திறந்தார். மூடினார். திறந்தார்.

அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரம் எதுவும் உருளவில்லை. சும்மா நின்றிருக்க வேண்டும்.

மே 8, புதன்

காலையில் அவரை விளிம்பில் உட்காரவைத்தேன். திறந்தார். பிறகு இடது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம்.

"ஏட்டி."

"என்னப்பா?"

"இந்தக் கைலதான் எல்லாக் கியரயும் போட்டிருக்கேன்."

"ஆமாப்பா."

 

மே 19, ஞாயிறு

மிக்கேல் அண்ணன் கம்பிகளுக்குப் பெயின்ட் அடிக்க வந்தார். முதல் கம்பி முடிந்து இரண்டாவதில் பிரஷ்ஷை வைக்கப் போனார்.

"அதுக்கு அடிக்காண்டாம்," என்றார் அப்பா.

"தேஞ்சு கெடக்கு அண்ணாச்சி. துருப் புடிச்சிரும்."

"புடிக்கட்டும். நான் பாக்கணும்."

மிக்கேல் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாளியை நகர்த்தினேன்.

அவர் போன பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே: "ஆடுன்னு ஏன் சொன்ன?"

"வேற என்ன சொல்லணும்?"

"எம் மவன்னு சொல்லிருக்கலாம். நாந்தான் கட்டுனேன்னு சொல்லிருக்கலாம்லா."

'மவன்' என்று கேட்டது; அவர் 'மவ' என்றுதான் சொல்ல வந்தார். நாக்கு இழுத்துவிட்டது. திருத்திச் சொன்னார். "எம் மவ."

துவைத்த துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். காயவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் கொடியடியில் நின்றேன்.

ஜூன் 2, ஞாயிறு

மற்ற நான்கு ஜன்னல்களுக்கும் கைப்பிடி. பாய் கடையிலேயே, பட்டையான நீளக் கைப்பிடி. இந்த முறை இடது கையால் திருப்பிப் பார்த்து எடுத்தேன். நான்கும் இடது கதவில். "கியரு வேண்டாமா?" என்றார் பாய். "ஒரு வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்" என்றேன்.

அப்பா வாக்கரை இடது கையால் பிடித்து நான்கு அடி வைத்தார். ரெஜினா கை வராத பக்கம் நின்று தாங்கினாள்.

ஜூன் 9, ஞாயிறு

அம்மா சொதி வைத்தாள். இஞ்சித் துவையல். அப்பாவுக்கு ஊட்டத் தட்டோடு உட்கார்ந்தாள்.

"அத இங்கன வை. ஸ்பூன எடு."

அம்மா என்னைப் பார்த்தாள். வைத்தாள்.

"சத்தி, நீயும் இங்கன உக்காரு."

என்னை யாரும் பிரம்மசக்தி என்று முழுதாக அழைப்பதில்லை. ஆனால் அப்பா 'சத்தி' என்று சொல்லியே வருடக்கணக்காகிறது. ஏட்டிதான். தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில், ஜன்னலைப் பார்க்க உட்கார்ந்தேன்.

"எந்தக் கைல வருதோ, அந்தக் கைல தின்னு."

அம்மா வாயைத் திறந்தாள். அப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

இடது கையைச் சோற்றில் வைத்தேன். பத்தொன்பது வருடம். பிசைந்தேன். விரல்களுக்கு ஒன்றையொன்று தெரியவில்லை. எடுத்தது பாதி வழியில் மடியில் கொட்டியது. மறுபடி எடுத்தேன். கொஞ்சம் உதட்டுக்கு வந்தது, மீதி தரையில். அப்பாவின் ஸ்பூனும் அப்படித்தான். தாடையில் சொதி வழிந்தது.

"எனக்குத்தான் வரல," என்றார். "ஒனக்குமா?"

"மறந்துட்டுப்பா."

ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டார். வெளியே பார்த்தார். கம்பியைப் பார்த்தார்.  ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்ல வேண்டாம் என்றும் நினைத்தேன்.

"பழகு," என்றார். பிறகு மறுபடி ஸ்பூனை எடுத்தார். "பழகுவோம்."

"நல்லாப் பழகுங்க," என்றாள் அம்மா. "எறும்பு வந்துச்சுன்னா அப்பனும் மவளும் சேந்து பெருக்குங்க. நான் குனிய மாட்டேன்."

ஜூன் 27, வியாழன்

நாளை ரயில். புத்தகப் பையைத் திறந்தேன். எல்லாம் அப்படியே இருந்தன.

காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்தது. பாயிலேயே படுத்திருந்தேன். முன் அறையில் தாழ் விலகும் சத்தம். பிறகு வாக்கரின் கால்கள் தரையில். நேற்றுவரை நானோ அம்மாவோ பக்கத்தில் நின்றுதான் நடந்தார். இரண்டாவது ஜன்னல். வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போகவில்லை. மூன்றாவது. நான்காவதில் ஏதோ இடித்தது, ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. ஐந்தாவது.

அதற்குப் பிறகுதான் அம்மா காபிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.